ஒரு ரேமுக்காக இப்படியா அலையவிடுவீர்கள்!

ஏழு சென்டிமீட்டர் நீளம்கூட இல்லாத ஒரு பச்சைத் தகடு. அதில் நாலோ எட்டோ கறுப்புச் சில்லுகள். இந்தச் சனியனுக்காக எத்தனை பேர் என்னை ஏமாளி என்று நினைத்து ஏறி மிதித்தார்கள் என்று யோசித்தால் இப்போதும் வயிறு எரிகிறது. நான் கேட்டது தானமில்லை, தள்ளுபடியில்லை, கடனுமில்லை. காசு கொடுத்து வாங்கிய என் லேப்டாப்பில் செத்துப்போன ரேமுக்குப் பதிலாக எதைப் போட்டால் பொருந்தும் என்று மட்டும்தான் கேட்டேன். செய்தவனுக்குத் தெரியும். விற்றவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சர்வீஸ் சென்டரில் பழுது பார்க்கிறவனுக்கு அதுதான் தொழில். மூன்று பேரும் தெரியாது என்றார்கள்; தெரியாது என்று சொன்ன அதே வாயால் காசும் கேட்டார்கள்.

"கேமிங் லேப்டாப்பா மேடம்? பையன் கேம் ஆடுவானா?" போகிற இடமெல்லாம் முதல் கேள்வி இதுதான். இல்லை ஐயா, எந்தப் பையனும் ஆடவில்லை. அதை வைத்துத்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. நான் ஷூவுக்கு பேட்டர்ன் போடுகிறவள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இருக்கிற ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு ஜோலார்பேட்டையில் வீட்டில் உட்கார்ந்தபடியே அப்பர் என்கிற மேல்பாகத்தை டிசைன் செய்து கொடுக்கிறேன். கால் வடிவத்தில் இருக்கிற லாஸ்டை முப்பரிமாணத்தில் திரையில் நிறுத்தி, அதன்மேல் கோடு போட்டு, அந்தக் கோட்டைத் தட்டையாக விரித்து, சைஸ் சைஸாக கிரேடிங் செய்ய வேண்டும். அதற்குத் தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள மெஷின் வேண்டும். கம்பெனியில் வைத்திருக்கும் ஒர்க்ஸ்டேஷன் விலை எனக்குக் கட்டுப்படியாகாது. கிராபிக்ஸ் கார்டோடு கைக்கு எட்டுகிற விலையில் கிடைப்பது கேமிங் லேப்டாப் ஒன்றுதான். வளையலை விற்று வாங்கினேன். விளையாட்டுச் சாமான் என்று பெயர் எழுதியிருந்தால் வாங்கியவளையும் விளையாட்டாக நடத்தலாம் போலிருக்கிறது.

வேலை நடுவில் திடீரென்று நீலத்திரை. மறுபடி போட்டால் ஓடும். மறுபடி விழும். ஒரு ஷூவின் முன்பாகமான வாம்ப் முழுவதும் முடித்துச் சேமிக்கப் போகும் நேரத்தில் விழுந்தது பாருங்கள், அன்றைக்கு அழுதேவிட்டேன். மெம்டெஸ்ட்86 என்று ஒரு இலவச சாப்ட்வேர் உண்டு. பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸுக்குள் போகாமலே அதிலிருந்து மெஷினை எழுப்பினால் மெமரியின் ஒவ்வொரு அறையிலும் எழுதி, திரும்பப் படித்துப் பார்க்கும். படித்தது எழுதியதோடு ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு வரி. எனக்குத் திரை நிறையச் சிவப்பு. என் லேப்டாப்பில் ரேமுக்கு இரண்டு ஸ்லாட், ஒன்று காலி. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு அந்த ஸ்டிக்கை மற்ற ஸ்லாட்டில் மாற்றிப் போட்டேன். சிவப்பு வரியும் கூடவே வந்தது. ஆக, போர்டு சரியாக இருக்கிறது, ரேம்தான் போய்விட்டது. இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?

அந்த நிரூபணத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஏசி அறை, டோக்கன், நாற்காலி, எல்லாம் பிரமாதம்.

"மதர்போர்டு போயிருக்கலாம் மேடம். மாத்திடுங்க, சேஃப்."

"ஸ்லாட் மாத்திப் பார்த்துட்டேன் தம்பி. ரேம்தான். எந்த ரேம் போடணும்னு மட்டும் சொல்லுங்க. வேகம் என்ன, எத்தனை சில்லு, அதிகபட்சம் எத்தனை ஜிபி வரைக்கும் எடுக்கும்?"

"அதெல்லாம் எங்களுக்கு சிஸ்டத்துல வராது மேடம். பார்ட் நம்பர்தான் வரும். நாங்க தர்றதைத்தான் போடணும். வெளியில வாங்கிப் போட்டா நாங்க பொறுப்பில்ல."

அவர்கள் சொன்ன விலை கடை விலையின் பல மடங்கு. அதையும் முன்பணமாகக் கட்ட வேண்டும். எப்போது வரும் என்று தெரியாது. அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மேலே உட்கார்ந்திருப்பவர்கள் அவன் கையில் பார்ட் நம்பர் ஒன்றை மட்டும் கொடுத்து, எங்களைப் போன்றவர்களின் வாயில் அடிக்க நிறுத்தியிருக்கிறார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவனுக்கும் சொல்வதில்லை, எனக்கும் சொல்வதில்லை. உலகத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கக்கூடிய ஒரு பொதுச் சாமானுக்குத் தங்கள் எண் ஒன்றை ஒட்டிவிட்டால் அது தங்கள் சொத்தாகிவிடுகிறது.

அதில் அப்படி என்ன தேவரகசியம்? நானே சொல்கிறேன், கேளுங்கள். டிடிஆர்4 என்பது ஜெடெக் என்ற அமைப்பு 2012 செப்டம்பரில் வெளியிட்ட பொதுத் தரம். லேப்டாப்பில் போடுவது அதன் குட்டை வடிவம், எஸ்ஓ-டிம் என்பார்கள். 260 பின், 1.2 வோல்ட். அதற்கு முந்தைய டிடிஆர்3-க்கு 204 பின். 2020 ஜூலையில் வந்த டிடிஆர்5-க்கு 262 பின், 1.1 வோல்ட். ஒன்றை ஒன்றில் செருக முடியாதபடி நடுவில் இருக்கும் வெட்டையே இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு தெரிந்தால் முதல் பாதி முடிந்தது. அடுத்தது வேகம். என் லேப்டாப்பில் இருப்பது இன்டெல் ஐ5-10300எச். அது 2933 வேகம் வரை, 128 ஜிபி வரை தாங்கும் என்று அந்தப் பிராசசரைச் செய்த இன்டெல்லே எழுதி வைத்திருக்கிறது. 3200 வேக ஸ்டிக்கைப் போட்டால் அது பேசாமல் 2933-க்கு இறங்கி ஓடும். 2666 ஸ்டிக்கைப் பக்கத்தில் செருகினால் இரண்டும் சேர்ந்து 2666-க்கு இறங்கும். மெதுவானதன் காலுக்கு ஏற்பத்தான் மற்றதும் நடக்கும். பிராசசர் செய்தவன் 128 என்கிறான். லேப்டாப் செய்தவனோ எத்தனை ஜிபி ஸ்டிக்கை இந்த போர்டில் சோதித்துப் பார்த்தான், எதற்கு மேல் மெஷினை எழுப்பும் பயாஸ் ஏற்காது என்று ஒரு வரி சொல்ல மாட்டேன் என்கிறான்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இதைத்தான் ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. ரேம் ஸ்டிக்கரில் 1ஆர்எக்ஸ்8 என்றோ 1ஆர்எக்ஸ்16 என்றோ பொடி எழுத்தில் இருக்கும். இரண்டும் 8 ஜிபிதான், இரண்டும் 3200தான். ஆனால் முதலாவதில் எட்டுச் சில்லு, இரண்டாவதில் நாலே நாலு. டிடிஆர்4 சில்லுகளுக்குள்ளே பேங்க் குரூப் என்று பிரித்து வைத்திருப்பார்கள். எட்டுச் சில்லு ரகத்தில் அது நான்கு, நாலு சில்லு ரகத்தில் இரண்டுதான். ஒன்று வேலையாக இருக்கும்போது இன்னொன்றிலிருந்து எடுக்கும் வசதி பாதியாகிவிடுகிறது. கிராபிக்ஸ் வேலையில் அது தெரியும். கம்பெனிக்காரன் எனக்குக் கொடுத்தது எது தெரியுமா? நாலு சில்லு. அதுவும் ஒற்றை ஸ்டிக். இரண்டு ஸ்டிக் இருந்தால் 64 பிட் பாதை இரண்டாகி 128 பிட்டாக ஓடும். ஒற்றை ஸ்டிக் போட்டு பாதிப் பாதையை மூடியே விற்றான். பெட்டிமேல் என்ன அச்சடித்திருந்தான்? '8 ஜிபி டிடிஆர்4'. அவ்வளவுதான். பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் 'வெற்றிக்காகப் பிறந்தது' என்கிற மாதிரி ஏதோ ஒரு வாசகம். அதற்கு இடம் இருந்தது.

இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஏனென்றால் நான் இருக்கும் தொழில் எப்படிப்பட்டது தெரியுமா? ஐரோப்பாவுக்குப் போகிற ஷூ ஜோடி ஒவ்வொன்றிலும் அப்பர் எதனால் ஆனது, லைனிங் எதனால் ஆனது, சோல் எதனால் ஆனது என்று படமாகவோ எழுத்தாகவோ லேபிள் ஒட்டியே ஆக வேண்டும். 1994-லேயே அதற்குச் சட்டம் போட்டார்கள். 94/11 என்பது அதன் எண். அந்தந்தப் பாகத்தில் குறைந்தது 80 சதவீதம் எந்தப் பொருளோ அதைச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் கப்பல் ஏறினால் திரும்பி வரும். 2015 மே முதல் தேதியிலிருந்து தோலில் குரோமியம் ஆறு என்கிற நஞ்சு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது. அதற்கு டெஸ்ட் ரிப்போர்ட், அந்த ரிப்போர்ட்டுக்கு ஒரு எண். ஆம்பூரில் டேபிளில் உட்கார்ந்து லைனிங் வெட்டுகிற பெண்ணுக்குக்கூட அந்த லேபிள் விஷயம் தெரியும். எங்கோ ஜெர்மனியில் ஒருவர் காலில் போடுகிற ஷூவின் உள்பக்கம் தோலா துணியா என்று அறிய அவருக்கு உரிமை உண்டு; அந்த உரிமையைக் காப்பாற்ற நாங்கள் இங்கே ராத்திரி பகல் பார்க்காமல் லேபிள் ஒட்டுகிறோம். வளையல் விற்று மெஷின் வாங்கிய எனக்கு அதற்குள் எத்தனை சில்லு இருக்கிறது என்று அறிய உரிமை இல்லையா? நாங்கள் எல்லோருக்கும் எல்லாம் சொல்ல வேண்டும், எங்களுக்கு மட்டும் ஒருவரும் எதுவும் சொல்ல வேண்டாம். இது எந்த ஊர் நியாயம்?

சர்வீஸ் சென்டரை விட்டேன். ஆன்லைனில் தேடினேன். 'எல்லா கேமிங் லேப்டாப்புக்கும் பொருந்தும்' என்று கொட்டை எழுத்தில் ஒரு விளம்பரம். எல்லா என்றால் என்னவென்று அர்த்தம் தெரியாத ஜென்மங்கள். இன்டெல்லின் 12-ஆம் தலைமுறைப் பிராசசர் டிடிஆர்4-ம் எடுக்கும், டிடிஆர்5-ம் எடுக்கும். போர்டில் எந்த ஸ்லாட் வைத்தானோ அதுதான் கணக்கு. சில மெல்லிய கேமிங் லேப்டாப்பில் பாதி மெமரியை போர்டிலேயே ஈயம் வைத்துப் பற்றவைத்து ஒரே ஒரு ஸ்லாட் விட்டிருப்பான். இன்னும் சிலவற்றில் அந்த ஒன்றும் கிடையாது. செத்தால் மொத்த போர்டும் குப்பைக்குத்தான். இதில் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஸ்டிக்கை எவன் பெற்றெடுத்தான்? நான் என் பிராசசர், ஸ்லாட், வோல்ட், பழைய ஸ்டிக்கின் எழுத்துகள் எல்லாவற்றையும் எழுதிக் கேட்டேன். 'ஆம், பொருந்தும்' என்று ஒரு வரி பதில். நான் எழுதியதைப் படித்ததற்கான அடையாளமே இல்லை. படத்தில் எட்டுச் சில்லு. வந்த பார்சலில் நாலு சில்லு. கவரைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க மாட்டார்களாம். பிரிக்காமல் சில்லை எப்படி எண்ணுவது? ஞானக்கண்ணாலா?

ஜோலார்பேட்டைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. சென்னை தண்டவாளம் இங்கே வந்துதான் பெங்களூர் பக்கம் ஒன்று, சேலம் பக்கம் ஒன்று என்று பிரிகிறது. கம்ப்யூட்டர் சாமான் விற்கும் சென்னை ரிச்சி தெருவுக்கும் ரயில் உண்டு, பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கும் ரயில் உண்டு. இரண்டு பெருநகரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறோம், ஏமாறுவதற்குத் திசையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எந்தத் திசையில் போனேன் என்று சொல்லப்போவதில்லை. அந்தத் தெருவில் நேர்மையாக வயிறு கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் நுழைந்த கடையில் பளபளவென்று அலுமினியத் தகடு போர்த்திய ஸ்டிக்கை எடுத்துக் காட்டினார்கள். கேமிங் ரேமாம். 3200-ஆம். தகட்டுக்குள் என்ன சில்லு என்று கேட்டேன். "அதை உரிச்சா வாரண்டி போயிடும்மா." செருகிப் பார்த்து, மெம்டெஸ்ட் ஓட்டிவிட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "அதுக்கெல்லாம் டைம் இல்லம்மா, கூட்டம் பாருங்க. எல்லாம் ஓடும்."

வீட்டுக்கு வந்து போட்டேன். ஓடத்தான் ஓடியது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் வேகம் 2400. சிபியு-இசட் என்கிற சாப்ட்வேரில் ஸ்டிக் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பைப் படிக்கலாம். ஸ்டிக்கில் இருக்கும் ஒரு பொடிச் சில்லில் அது பதிந்திருக்கும், மெஷின் உயிர் பெறும்போது மெமரியைப் பற்றிப் படிப்பதும் அதைத்தான். அதிலும் 2400தான் உச்சம். கடைக்குப் போன் போட்டேன். "உங்க லேப்டாப் பழசும்மா, அதான் ஏறல." என் லேப்டாப் 2933 வரை ஏறும் என்றேன். "அப்ப பயாஸ்ல எக்ஸ்எம்பி ஆன் பண்ணணும்." எக்ஸ்எம்பி என்பது டெஸ்க்டாப்காரர்கள் வேகத்தைக் கூட்டிவிடும் ஏற்பாடு, பெரும்பாலான லேப்டாப் பயாஸில் அந்தப் பக்கமே இருக்காது. அவருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது என்று நினைத்துச் சொன்னார். பொம்பளைக் குரல் கேட்டதும் வரும் தைரியம் அது. அன்றிரவு மெம்டெஸ்ட் ஓட்டினேன். இதிலும் சிவப்பு வரி.

வாணியம்பாடியில் ஒரு சின்னப் பழுதுபார்க்கும் கடை. ஒரு மேசை, ஒரு பூதக்கண்ணாடி விளக்கு, ஒரு ஸ்டூல். கடைக்கார பாய் அந்தத் தகட்டை ஹீட் கன்னில் லேசாகச் சூடு காட்டி உரித்தார்.

"இன்னா தங்கச்சி, ஸ்டிக்கர் மேல ஸ்டிக்கர் ஒட்டிக்கீது பாரு. கீழ இன்னா எழுதிக்கீது, படி."

பிசி4-2400டி. மேலே ஒட்டியிருந்தது 3200.

"இது எங்கியோ ஆபீஸ்ல ஓடித் தேஞ்ச மாலு. கழுவி, தகடு போட்டு, புச்சுன்னு வித்துக்கீறான். ரெண்டாயிரத்து நானூறுல டி, ரெண்டாயிரத்து அறுநூத்து அறுபத்தாறுல வி, மூவாயிரத்து எரநூறுல ஏஏ. அந்த எழுத்தப் பாத்துக்கினாலே போதும், எவனும் நம்ம கண்ண மறைக்க முடியாது."

இவ்வளவு காலத்தில் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன முதல் மனிதர் அவர். என் பழைய ஸ்டிக்கின் தங்க முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, துடைத்து, போட்டும் பார்த்தார். சில சமயம் அழுக்கில்கூடத் தகராறு வருமாம். எனக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. டிடிஆர்4, 260 பின், 1.2 வோல்ட், எட்டுச் சில்லு, இரண்டு எட்டு ஜிபி ஜோடியாக, ஜெடெக் கணக்கில் 3200 இருப்பதாக வாங்கு என்று ஒரு பில் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். புது ஸ்டிக் போட்டு முதல் தடவை ஆன் செய்யும்போது கொஞ்ச நேரம் கறுப்புத் திரையாகத்தான் இருக்கும், மெஷின் புது மெமரியோடு பழகிக்கொள்கிறது, பயந்து பவர் பட்டனை அமுக்காதே என்றும் சொன்னார். கோடிக்கணக்கில் விளம்பரம் செய்கிற கம்பெனியால் முடியாதது, ஒரு ஸ்டூல் போட்ட கடையில் முடிந்தது. காசு வாங்கவில்லை. நீங்களே ஒரு ஜோடி கொடுங்கள் பாய் என்றதற்குக் கையை விரித்தார். "எங்களுக்கே சரக்கு வரல தங்கச்சி. வந்தாலும் காலைல ஒரு ரேட்டு, சாயங்காலம் ஒரு ரேட்டு."

ஏன் வரவில்லை? அதையும் தெரிந்துகொண்டேன், தெரிந்துகொண்டதால் இன்னும் எரிகிறது. உலகத்து ரேம் சில்லுகளில் சுமார் பத்தில் ஒன்பது பங்கை மூன்றே கம்பெனிகள் செய்கின்றன: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். 2025-இல் மூன்றும் டிடிஆர்4-ஐ மூட்டை கட்டத் தொடங்கின. பழைய சரக்கு புதியதைவிட விலை ஏறிய கூத்தும் அந்த வருஷ நடுவிலேயே நடந்தது. பிறகு செயற்கை நுண்ணறிவுப் பந்தயம். அந்த டேட்டா சென்டர்களுக்கு வேண்டிய எச்பிஎம் என்கிற அடுக்கு மெமரி, அதே அளவு சாதாரண மெமரியைவிட மூன்று மடங்கு சிலிக்கான் வட்டைத் தின்கிறது. 2025 அக்டோபர் 1-ஆம் தேதி ஓப்பன்ஏஐ கம்பெனி சாம்சங்கோடும் ஹைனிக்ஸோடும் கை கோத்தது. மாதம் 9 லட்சம் வட்டு வரை இலக்காம். டிசம்பர் 3-ஆம் தேதி மைக்ரான் ஒரு அறிவிப்பு விட்டது: எங்களைப் போன்ற சில்லறை ஆட்களுக்கு விற்கும் குருஷியல் வியாபாரத்தை மூடுகிறோம், 2026 பிப்ரவரியோடு சரி. நன்றி, வணக்கம்.

இந்த மைக்ரான் யார்? 2023 ஜூனில் குஜராத்தின் சானந்தில் மெமரிச் சில்லு பொதிந்து சோதிக்கும் ஆலை வைப்பதாக அறிவித்தார்களே, அதே மைக்ரான். மொத்தம் 2.75 பில்லியன் டாலர் திட்டம். அதில் பாதி மத்திய அரசு, ஐந்தில் ஒரு பங்கு குஜராத் அரசு. நூற்றுக்கு எழுபது நம் வரிப்பணம் ஐயா! நான் வாங்குகிற ரேமுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டுகிறேன், அந்தக் காசும் அதில் இருக்கிறது. பணம் கொடுக்கும்போது நாங்கள் தேசம். ஸ்டிக் கேட்கும்போது நாங்கள் லாபமில்லாத சில்லறை.

கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. 2019 ஜூலை 12-ஆம் தேதி இங்கிருந்து சென்னைக்குத் தண்ணீர் ரயில் கிளம்பியது. ஐம்பது வேகன், 25 லட்சம் லிட்டர், வில்லிவாக்கத்துக்கு. மாலை போட்டு அனுப்பினார்கள். நாங்கள் குடத்தோடு நின்று பார்த்தோம். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் போனது மனுஷன் வாய்க்கு. இன்றைக்கு மெமரி போவது யார் வாய்க்கு? கேட்காத படத்தை வரைந்து கொடுக்கிற மெஷின்களுக்கு. வரைகிற நான் இங்கே எட்டு ஜிபி கிடைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

புது லேப்டாப் வாங்கிவிடேன் என்கிறார்கள் உறவுக்காரர்கள். எதை வைத்து? 2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதி அமெரிக்கா நம் சரக்குமேல் வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது இந்தப் பக்கத்துக் கம்பெனிகள் ஒவ்வொன்றும் கையைக் கட்டிக்கொண்டன. சாம்பிள் ஆர்டர் குறைந்தால் முதலில் வேலை போவது என்னைப் போல வெளியில் இருந்து செய்கிறவர்களுக்குத்தான். கிடைக்கிற ஒன்றிரண்டு டிசைனையாவது நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். ஒரு ஸ்டிக் மாற்றினால் இன்னும் நாலு வருஷம் ஓடக்கூடிய மெஷின் இது. திரை நன்றாக இருக்கிறது, கிராபிக்ஸ் கார்டு நன்றாக இருக்கிறது, கீபோர்டில் ஒரு எழுத்துகூடத் தேயவில்லை. அதைத் தூக்கிப் போடச் சொல்வது யாருக்கு லாபம் என்று எனக்குத் தெரியாதா?

நானாவது தட்டித் தடவிப் படித்துக்கொண்டேன். 2026 ஜனவரி 5-ஆம் தேதி தமிழ்நாடு அரசு கல்லூரிப் பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியதே, 'உலகம் உங்கள் கையில்' என்று. பத்து லட்சம் பிள்ளைகள். அதிலும் 8 ஜிபிதான். மூன்று வருஷம் கழித்து அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் நான் நின்ற அதே கவுண்டரில் போய் நின்று அதே கேள்வியைக் கேட்பார்கள். அவர்களுக்கும் "சிஸ்டத்துல வராது"தானா?

சட்டம் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, படித்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடைமுறை. பொருளின் தரம், அளவு, விலை பற்றித் தெரிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்று பிரிவு 2(9) சொல்கிறது. 2022 டிசம்பர் 24-ஆம் தேதி மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று தனி இணையதளமே திறந்தது. எந்தப் பொருளை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று மதிப்பெண் போட ஒரு குழு போட்டார்கள். 2025 மே மாதம் அந்தக் குழு அறிக்கையும் கொடுத்தது. முதலில் ஸ்மார்ட்போன், டேப்லெட்டாம். லேப்டாப் வரிசையில் நிற்கட்டுமாம். அமெரிக்காவில் 'ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி போச்சு' என்று மிரட்டிய ஆறு கம்பெனிகளை 2018 ஏப்ரலில் அங்கத்திய வணிக ஆணையம் கூப்பிட்டு எச்சரித்தது. 1975-இலிருந்து அவர்களுக்கு அதற்குச் சட்டம் இருக்கிறது. இங்கே என் லேப்டாப்பின் அடியில் திருகாணிமேல் அந்த ஸ்டிக்கர் இன்னும் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்தேன். புகாரைப் பதிந்துகொண்டார்கள், எண் கொடுத்தார்கள். கம்பெனியிடமிருந்து பதில் வந்தது: 'அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரை அணுகவும்.'

அணுகித்தானே வந்திருக்கிறேன், பாவிகளே!

ஆகையால் ஸ்பீடு போஸ்டில் கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கு நானே எழுதிவிட்டேன், தமிழிலேயே. இந்த மாடலில் எந்தத் தலைமுறை மெமரி, எத்தனை ஸ்லாட், ஜெடெக் கணக்கில் எந்த வேகம், ஒரு ஸ்லாட்டில் அதிகபட்சம் எத்தனை ஜிபி, நீங்கள் போட்டு அனுப்பியது நாலு சில்லா எட்டுச் சில்லா, வெளியில் வாங்கிப் போட்டால் எந்தச் சட்டத்தின் கீழ் வாரண்டி மறுக்கிறீர்கள். இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வேண்டும். இதே வரிகளை இனி விற்கும் ஒவ்வொரு பெட்டியின்மேலும் அச்சடிக்க வேண்டும். அந்த வெற்றி வாசகத்தை எடுத்துவிட்டால் இடம் தாராளமாகக் கிடைக்கும். முப்பது நாளுக்குள் பதில் இல்லையென்றால் வழக்கு. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது.

வரட்டும், அவர்கள் வக்கீல் வரட்டும். சென்னையிலிருந்து வந்தாலும் பெங்களூரிலிருந்து வந்தாலும் ஜோலார்பேட்டையில் இறங்க எந்த வண்டி சௌகரியம் என்று என்னிடம் ஒரு போன் போட்டுக் கேட்கட்டும். வண்டி எண், நேரம், எந்த பிளாட்பாரம் என்பதோடு சேர்த்துச் சொல்கிறேன்.